திரையில் படகு தெரிகிறது, பாறை தெரிகிறதா?

நீங்கள் கேட்டது மூன்று. புதிதாக வாங்கிய 10 மீட்டர் படகில், சுக்கானுக்கு முன்னால் ஒரு சார்ட் பிளாட்டர், அதாவது கடல் வரைபடத்தின் மேல் படகின் இடத்தைக் காட்டும் திரை, இருக்கிறது. அதை நம்பி ஓட்டலாமா? அதில் எதையெல்லாம் மாற்றி வைக்க வேண்டும்? இவ்வளவு நல்ல திரை இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

ஓட்டலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் திரை சொல்வதில் எதை எவ்வளவு நம்புவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருப்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

திரையில் தெரிவது ஒரே படம் போல இருந்தாலும் அது இரண்டு தனித்தனி சமாச்சாரம். ஒன்று உங்கள் படகின் குறி. அது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, நொடிக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்படுகிறது, சில மீட்டர் பிசகுக்குள் சரியாக இருக்கும். இரண்டாவது, அந்தக் குறிக்குக் கீழே விரிந்திருக்கும் கடல். அதை யாரோ எப்போதோ அளந்தார்கள். போன வருஷம் நவீன சோனார் வைத்து அளந்திருக்கலாம். அல்லது நூறு வருஷத்துக்கு முன்னால், துடுப்புப் படகில் உட்கார்ந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, எத்தனை பாகம் (பழைய ஆழ அளவு) என்று எண்ணி எழுதியிருக்கலாம். கயிறு இறங்கிய இடத்தில்தான் ஆழம் தெரியும். இரண்டு இறக்கங்களுக்கு நடுவே ஒரு பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தால் அது வரைபடத்தில் ஏறியிருக்காது. திரையோ இரண்டையும் ஒரே கூர்மையோடு, ஒரே அழகோடு வரைந்து காட்டுகிறது.

அந்தக் காலத்து மாலுமிக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. தன் இடமே அவருக்குச் சரியாகத் தெரியாது. அரை மைல் அப்படி இப்படி இருக்கலாம் என்ற பயத்தில் பாறையை விட்டு வெகுதூரம் விலகிப் போவார். வரைபடம் தப்பாக இருந்தாலும் அந்த விலகல் காப்பாற்றியது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிசகை எடுத்துவிட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தப்பு காட்டிய சின்னப் பெட்டிகள் ஒரே நாளில் 10, 20 மீட்டருக்குள் வந்தன. அதன் விளைவாகப் பல கடல்களில், வரைபடம் எவ்வளவு சரியோ அதைவிட நம் இடம் நமக்குச் சரியாகத் தெரிகிறது. நம் இடம் துல்லியமானதும் பாறையின் இடமும் துல்லியமாகிவிட்டது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. விபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மிகை என்று தோன்றினால் ஓர் உதாரணம். 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பல் 'கார்டியன்' பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளத்திட்டில் ஏறி நின்றது. அது பயன்படுத்திய டிஜிட்டல் வரைபடத்தில் அந்தத் திட்டு இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 8 கடல் மைல் தள்ளி இருந்தது. வேறு அளவில் இருந்த இன்னொரு வரைபடத்தில் திட்டு சரியான இடத்தில்தான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் முரண்பாடு கண்ணில் பட்டிருக்கும். கப்பலை மீட்க முடியாமல் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். கடற்படைக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

ஆகவே முதல் பழக்கம், உங்கள் வரைபடத்தின் வயதைக் கேட்பது. அதிகாரபூர்வ மின்னணு வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தரக்குறி உண்டு. ஏ1 என்றால் இடத்தில் 5 மீட்டரோடு ஆழத்தின் 5 சதவீதம் வரைதான் பிசகு, ஆழத்தில் அரை மீட்டரோடு ஆழத்தின் 1 சதவீதம். பி என்றால் 50 மீட்டர். ஆழத்தில் 1 மீட்டரோடு 2 சதவீதம். சி என்றால் 500 மீட்டர். ஆழத்தில் 2 மீட்டரோடு 5 சதவீதம். டி அதைவிட மோசம். யு என்றால் இன்னும் மதிப்பிடப்படவில்லை. சி பகுதியில் ஒரு பாறையை 200 மீட்டர் தள்ளி வசதியாகக் கடப்பதாக நினைத்தால், நீங்கள் அதன் மேலேயே போய்க்கொண்டிருக்கலாம். சின்னப் படகுத் திரைகள் பல இந்தக் குறியை முகப்பில் காட்டாது. திரையில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து, வரும் விவரங்களுக்குள் தேட வேண்டும். தேடுங்கள். போகப் போகிற இடம் முழுவதற்கும் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது ஜூம். எனக்குத் தெரிந்து இந்தத் திரைகளில் ஆட்களைக் கவிழ்ப்பது அதிகமும் இதுதான்.

மின்னணு வரைபடத்தில் இரண்டு ஜாதி. ஒன்று ராஸ்டர்: காகித வரைபடத்தை அப்படியே ஸ்கேன் செய்த படம். பெரிதாக்கினால் எழுத்தும் சேர்ந்து பெரிதாகும், மங்கும். ஆனால் காகிதத்தில் இருந்தது எதுவும் காணாமல் போகாது. இன்னொன்று வெக்டர்: பாறை, மிதவை, ஆழக்கோடு என ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாகச் சேமிக்கப்பட்டிருக்கும், எந்த அளவில் எதைக் காட்டுவது என்று மென்பொருள் முடிவு செய்யும். உங்களிடம் இருப்பது அநேகமாக வெக்டர். வெளியே ஜூம் செய்து பெரிய பரப்பைப் பார்க்கும்போது எல்லாவற்றையும் காட்டினால் திரை ஈ மொய்த்தது போலாகிவிடும், அதனால் 'முக்கியமில்லாத' விவரங்களை அது மறைக்கிறது. எது முக்கியமில்லை என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை, அதுதான் வம்பு.

2014 நவம்பர் 29 ராத்திரி. உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' படகு, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் 19 நாட் (மணிக்கு 19 கடல் மைல்) வேகத்தில் மோதியது. ஒன்பது பேர், எல்லோரும் தொழில்முறை ஆட்கள். ஜிபிஎஸ் பழுதாகவில்லை, வரைபடமும் தப்பில்லை. பாதை பார்க்கும்போது ஜூம் செய்திருந்த அளவில் அந்த இடம் சுமார் 40 மீட்டர் ஆழமுள்ள கடலடி மேடாகத் தெரிந்தது. இன்னும் உள்ளே ஜூம் செய்திருந்தால், பல மைல் நீளத் திட்டும் அதன் மேல் தலைகாட்டும் தீவுகளும் தெரிந்திருக்கும். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். படகைக்கூடப் பிறகு மீட்டு, புதிதாகக் கட்டியது போலப் பழுது பார்த்து, 2015இல் கடைசிக் கட்டங்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் சலிப்பூட்டக்கூடியது, ஆனால் மாற்று கிடையாது. பாதையைப் பெரிய பரப்பில் வரைந்த பிறகு, உள்ளே நன்றாக ஜூம் செய்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலால் நகர்த்திக்கொண்டே போவேன். பாதைக் கோட்டில் மட்டும் பார்வையை வைத்திருக்காமல் இரு பக்கமும் ஒவ்வொரு மைலாவது பார்ப்பேன், ஏனென்றால் காற்றும் அலையும் நம்மைக் கோட்டிலேயே விட்டுவைக்காது. 40 மைல் பாதைக்கு அரை மணி நேரம் ஆகும். கூடவே, மெனுவில் 'குறைந்த விவரம்', 'நடுத்தரம்', 'முழு விவரம்' என்று இருக்கும். திட்டமிடும்போது முழு விவரம்தான். ஓட்டும்போது திரை நெரிசலாக இருக்கிறது என்று குறைப்பதானால், எதை மறைக்கிறோம் என்று தெரிந்து மறைக்கவும். ஆழ எண்களையும் தனிப் பாறைகளையும் நான் ஒருபோதும் மறைப்பதில்லை. மீன்பிடி எல்லைக்கோடுகளும் கடலடிக் கேபிள்களும் போகட்டும். நங்கூரம் போடும்போது மட்டும் கேபிள் திரும்ப வர வேண்டும்.

ஜூமுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1:50,000 அளவில் தொகுத்த வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது கடலில் 50 மீட்டர். வரைந்தவரின் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றாலே 25 மீட்டர் போயிற்று. அதை நீங்கள் 1:5,000 வரை பெரிதாக்கி, படகுத்துறைக்கும் பாறைக்கும் இடையிலே நுழையலாம் என்று பார்த்தால், அங்கே தெரிவது இல்லாத துல்லியம். எல்லை மீறி ஜூம் செய்துவிட்டதாக நல்ல திரைகள் ஓர் எச்சரிக்கை காட்டும். மூலையில் சின்னதாக வரும், யாரும் பார்ப்பதில்லை.

இனி செட்டிங். கடையில் ஏற்றிவைத்த செட்டிங்கோடு கடலுக்குப் போகாதீர்கள். ஆரம்பம், அலகு. ஆழம் மீட்டரிலா, அடியிலா, பாகத்திலா என்று முதலில் பாருங்கள். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். ஒரு தெரிந்தவரின் படகைக் கொண்டுபோய் விடுவதற்காக ஏறினேன். ஆழமானி 12 என்றது, அப்புறம் 8 என்றது. அவசரமில்லை, 5 வரும்போது திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 5 வந்தபோது கீல், அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, சேற்றில் உரசிக்கொண்டு நின்றது. அது மீட்டர் இல்லை, அடி. போதாததற்கு, கீலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரையும் அது சொல்லவில்லை. படகின் அடிப்பகுதியில் பொருத்தியிருந்த சென்சாருக்குக் கீழே இருப்பதைத்தான் சொன்னது. மென்மையான சேறு, கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயர்ந்ததும் தானாக மிதந்தோம், மானம் மட்டும் போயிற்று. ஆழமானி எங்கிருந்து அளக்கிறது என்பதை நீங்களே நிர்ணயிக்கலாம். சிலர் நீர்மட்டத்திலிருந்து வைப்பார்கள், அப்போது வரைபடத்தோடு ஒப்பிடுவது சுலபம். சிலர் கீலிலிருந்து வைப்பார்கள், பூஜ்ஜியம் வந்தால் தரை. எதை வைத்தாலும் சரி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஆழமானிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அடுத்து பாதுகாப்பு ஆழம். படகு நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அதாவது டிராஃப்ட், என்பதை நீங்கள் சொல்லவில்லை, 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீலுக்குக் கீழே இன்னும் 1.2 மீட்டர் வேண்டும் என்றால் 3 மீட்டர். இந்த எண்ணைக் கொடுத்ததும் திரை அதற்குக் குறைந்த இடங்களுக்கு அடர்நீலம் பூசும், நீங்கள் அந்தப் பக்கம் போனால் கத்தும். ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய கப்பல்களில் இருக்கும் எக்டிஸ் என்ற மின்னணு வரைபடத் திரை, நீங்கள் கேட்ட ஆழக்கோடு வரைபடத்தில் இல்லையென்றால் அடுத்த ஆழமான கோட்டை எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் 2, 5, 10 மீட்டர்க் கோடுகள் மட்டும் இருந்து நீங்கள் 3 கேட்டால், 5 மீட்டர் வரை எல்லாம் ஆபத்து நிறம்தான். சின்னப் படகுத் திரைகள் சிலவும் இப்படியே நடந்துகொள்ளும், சில தங்கள் இஷ்டத்துக்கு இடைக்கோடு போட்டுக்கொள்ளும். உங்களுடையது எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு தடவை 3 கொடுத்தும் ஒரு தடவை 5 கொடுத்தும் நிறம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். கையேட்டைப் படிப்பதைவிட வேகமாகப் புரியும்.

பயந்துபோய் ரொம்ப ஆழமான எண்ணைக் கொடுப்பதும் நல்லதில்லை. அப்போது கடல் முழுக்க நீலமாகிவிடும், அலாரம் ஓயாமல் அலறும், பத்தாவது நிமிஷம் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். 2013 செப்டம்பர் 18 அன்று 'ஓவிட்' என்ற ரசாயன டாங்கர் கப்பல் டோவர் நீரிணையில் வார்ன் திட்டில் தரை தட்டியது. எக்டிஸில் போட்ட பாதையே நேராகத் திட்டின் மேல் போயிற்று. ஆழ எச்சரிக்கை அமைப்புகள் பொருத்தமாக இல்லை, அலாரத்தின் ஒலியும் வேலை செய்யவில்லை. கப்பல் தரை தட்டிவிட்டது என்று பொறுப்பிலிருந்த அதிகாரிக்கு உறைக்கவே 19 நிமிஷம் ஆனதாக பிரிட்டிஷ் விசாரணை சொல்கிறது. எதிரே திட்டைக் காட்டும் மிதவைகள் மினுக்கிக்கொண்டுதான் இருந்தன.

வரைபடத்து ஆழம் அந்த நிமிஷத்துத் தண்ணீர் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலான வரைபடங்கள் மிகத் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்திலிருந்து ஆழத்தை அளக்கின்றன. ஆகவே வழக்கமாக எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் இருக்கும். ஆனால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் தாழும். கரையிலிருந்து கடல் நோக்கி நாள்கணக்கில் காற்றடித்தால் இன்னும் தாழும். பாலத்தின் கீழ் போகும்போது கணக்கு தலைகீழ்: பால உயரம் ஏற்றத்து நீர்மட்டத்திலிருந்து கொடுத்திருப்பார்கள். பாய்மர உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது திரையில் எதைப் பார்ப்பது? படகுக் குறியிலிருந்து இரண்டு கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் மெனுவில் போய் இரண்டையும் வரவழையுங்கள். ஒன்று அணியம், அதாவது படகின் முன்முனை, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது, திசைகாட்டியிலிருந்து வருகிறது. இன்னொன்று படகு தரைக்கு மேல் உண்மையில் எந்தத் திசையில் நகர்கிறது என்பது, ஜிபிஎஸ்ஸிலிருந்து. புதியவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். நீங்கள் 6 நாட் வேகத்தில் நேர் கிழக்கே ஓட்டும்போது தெற்கிலிருந்து 2 நாட் நீரோட்டம் தள்ளினால், அணியம் கிழக்கே பார்த்திருக்க, படகு 18 டிகிரி வடக்கே சாய்ந்து போய்க்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் 2 மைல் வடக்கே.

இப்போது முக்கியமான பொறி வருகிறது. எதிரே ஒரு வே பாயின்ட் (போக வேண்டிய இடத்துக்குத் திரையில் வைக்கும் புள்ளி) வைத்து 'அங்கே போ' என்று அழுத்திவிட்டு, அதை நோக்கியே அணியத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது, நீங்கள் மறுபடி வே பாயின்டை நோக்கித் திருப்புகிறீர்கள், மறுபடி தள்ளுகிறது. கடைசியில் போய்ச் சேர்வீர்கள், ஆனால் வில்லாக வளைந்து. திட்டமிட்டபோது நேர்கோட்டைத்தானே பரிசோதித்தீர்கள்? வில்லின் வயிற்றில் ஒரு பாறை இருந்தால் அது பரிசோதிக்கப்படாதது. ஆகவே கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் எண்ணைத் திரையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது பூஜ்ஜியத்திலேயே நிற்கும்படி அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடியுங்கள். மேலே சொன்ன கணக்கில் சுமார் 20 டிகிரி தெற்கே பார்த்தால் படகு நேர் கிழக்கே போகும். பார்ப்பதற்கு நண்டு நடை மாதிரி இருக்கும். அதுதான் சரி.

நகர்வுக் கோட்டின் நீளத்தை 6 நிமிஷம் என்று வைத்தால் ஒரு சௌகரியம்: 6 நாட் வேகத்தில் கோடு 0.6 மைல் நீளும், வேகத்தைப் பத்தால் வகுத்தால் போதும். கோட்டின் நுனி நீலத்துக்குள் குத்துகிறதா? 6 நிமிஷத்தில் அங்கே இருப்பீர்கள். ஒரே குறை, நின்றுகொண்டிருக்கும்போதும் மிக மெல்லப் போகும்போதும் இந்தக் கோடு குடிகாரன் போல எட்டுத் திசையிலும் ஆடும். அப்போது அதைக் கண்டுகொள்ள வேண்டாம். திரும்பும்போதும் ஒன்றிரண்டு நொடி பின்தங்கும். குறுகலான கால்வாயில் வளைவை திரையைப் பார்த்துத் திருப்பாமல் கண்ணால் பார்த்துத் திருப்புங்கள்.

வே பாயின்டை மிதவையின் மேலேயே வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டோ பைலட் அச்சுப் பிசகாமல் மிதவையின் மேலேயே கொண்டுபோய் முட்டும். அந்தளவுக்கு இப்போது ஜிபிஎஸ் சரியாக இருக்கிறது. அதே மிதவையை எல்லோரும் குறிவைப்பதால் எதிர்ப்படகும் அங்கேதான் வரும். 200 மீட்டர் தள்ளி வையுங்கள். தானாகப் பாதை போட்டுத் தரும் வசதியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் விரலால் நகர்த்திப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தை அது மிச்சப்படுத்தாது.

திரை சொல்வது சரிதானா என்று எப்படித் தெரியும்? ஜிபிஎஸ்ஸை ஜிபிஎஸ்ஸால் சரிபார்க்க முடியாது. இரண்டாவது ஜிபிஎஸ் வாங்கினாலும் அதே செயற்கைக்கோளைத்தான் கேட்கும். ஜிபிஎஸ்ஸோடு சம்பந்தமே இல்லாத சாட்சி வேண்டும். மலிவான சாட்சி ஆழமானி. வரைபடம் 14 மீட்டர் என்கிறது, இப்போதைய ஏற்றம் ஒரு மீட்டர், ஆழமானி 15 காட்டுகிறது, சரி. 7 காட்டினால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், காரணத்தை அப்புறம் யோசிக்கலாம். அடுத்த சாட்சி, கரையில் நேர்கோட்டில் வரும் இரண்டு பொருள்கள். ஒரு கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கணத்தில் நீங்கள் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள், எந்தக் கருவியும் வேண்டாம். அந்தக் கணத்தில் திரையில் அந்த இரண்டையும் விரலால் இணைத்துப் பாருங்கள். கோடு உங்கள் படகுக் குறியின் மேல் போக வேண்டும். ரேடார் இருந்தால் அதன் படத்தை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். கரையோரம் இரண்டிலும் பொருந்தினால் நிம்மதி. எல்லாம் ஒரே கோணத்தில் சுழன்றிருந்தால் திசைகாட்டி பிசகு. எல்லாம் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் இடமோ வரைபடமோ பிசகு.

துறைக்குள் கட்டியிருக்கும்போது திரை உங்களை அலைதடுப்புச் சுவரின் மேல் காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஜிபிஎஸ் கணக்கிடுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற பூமி மாதிரியில். பழைய அளவைகள் பல வேறு மாதிரிகளில் செய்யப்பட்டவை, சரியாக மாற்றப்படாதவையும் உண்டு. பெட்டியின் செட்டிங்கில் வேறு மாதிரி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் படகு சுவரின் மேல் நின்றால், அந்தப் பகுதி வரைபடமே அத்தனை மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே இருக்கும் பாறைகளுக்கும் அதே கதிதான்.

கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வழியாக மற்றக் கப்பல்கள் முக்கோணமாகத் திரையில் வரும்போது ஒரு மயக்கம் வரும், கடலில் இருப்பதெல்லாம் தெரிகிறது என்று. சின்னப் படகுகள் பலவற்றில் அந்தக் கருவி இருக்காது, சில அணைத்து வைத்திருக்கும், மிதந்து வரும் மரக்கட்டைக்கு யாரும் பொருத்துவதில்லை. 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதி கண்ணாலும் காதாலும் காவல் இருக்கச் சொல்கிறது. கருவிகள் அதற்கு மேல். தலையைக் குனிந்து திரையையே பார்த்து ஓட்டுபவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், அவர் நமக்கு வழிவிட மாட்டார். ராத்திரியில் திரை வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். ஒரு தடவை பளிச்சென்று பார்த்துவிட்டால் இருட்டுக்குக் கண் பழகத் திரும்ப இருபது நிமிஷமாவது ஆகும்.

காகிதத்துக்கு வருகிறேன். உலகமே அதிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா தன் பாரம்பரியக் காகித வரைபடங்களை 2025 தொடக்கத்துக்குள் நிறுத்திவிட்டது; மின்னணு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. பிரிட்டிஷ் நீரியல் அலுவலகம் 2026 கடைசிக்குள் நிறுத்துவதாக அறிவித்து, பிறகு எதிர்ப்பு வந்ததும் குறைந்தது 2030 வரை தள்ளிவைத்தது. ஆகவே 'காகிதம் வாங்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். திரை அணைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். தண்ணீர் புகுவது, மின்னல், பேட்டரி இறங்குவது, ஒரு ஃபியூஸ் போவது, எல்லாம் நடக்கிற காரியங்கள். தனி பேட்டரியில் ஓடும் டேப்லெட்டில் அதே பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, ஜிபிஎஸ்ஸே தப்பாகும்போது. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த பல கப்பல்களின் கருவிகள், அவை கரைக்குள்ளே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. யாரோ பொய் சிக்னல் அனுப்பியிருந்தார்கள். அப்போது டேப்லெட்டும் சேர்ந்துதான் பொய் சொல்லும். விமான நிலையம் என்று காட்டினால் பிழைத்தோம், சிரித்துக்கொண்டே அணைத்துவிடலாம். அரை மைல் தள்ளிக் காட்டினால்தான் ஆபத்து.

அதற்காக நான் வைத்திருப்பது, போகும் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு காகித வரைபடம், ஒரு கைத் திசைகாட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பாறைகள் இடம் மாறுவதில்லை. மிதவைகளையும் மணல் திட்டுகளையும் மட்டும் நம்ப வேண்டாம். திரையில் இருக்கும் வரைபடத்தைப் பயணத்துக்கு முந்தின நாள் புதுப்பித்துவிடுவேன், ஏனென்றால் திருத்தங்கள் வாரா வாரம் வருகின்றன. நோட்டில் மணிக்கு ஒரு வரி: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, அணியத்தின் திசை, வேகம், ஆழமானி காட்டும் எண். அட்சரேகையை எழுதும்போது டிகிரி, நிமிஷம், நிமிஷத்தின் தசமம் என்ற ஒரே முறையில் எழுதுங்கள். 30.5 நிமிஷத்தை 30 நிமிஷம் 5 நொடி என்று யாராவது படித்தால் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கரையோரம் பாறைகள் நெருங்கிய இடத்தில் மணிக்கு ஒன்று போதாது, பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று எழுதுவேன். திரை அணைந்த நிமிஷத்தில் கடைசி வரியை எடுத்து, அதிலிருந்து ஓடிய நேரத்தையும் வேகத்தையும் பெருக்கிக் காகிதத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அதைச் சுற்றி, நீரோட்டம் தள்ளியிருக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பாறை இல்லையென்றால் அதே திசையில் மெதுவாகப் போகலாம். இருந்தால் படகைத் திருப்பி, வந்த வழியே ஆழமான தண்ணீருக்குப் போய்விடுவேன்.